பூ விழுந்தவள்

அழகு நிலையத்தில் வானொலி நாள் முழுக்க எதையாவது பாடிக்கொண்டிருக்கும். யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. முடி உலர்த்தும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே அதுவும் ஒரு இரைச்சல், அவ்வளவுதான். அன்று பாட்டு நின்று, வயதான ஒருவரின் குரல் வந்தது. நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் ருசித்துப் பேசும் குரல்.

கடையின் சொந்தக்காரி அப்போது ஒரு வாடிக்கையாளரின் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். வீட்டில் இவளுக்குச் சின்னவள் என்று பெயர். இரட்டைப் பிள்ளைகளில் சற்றுப் பிந்திப் பிறந்தவள். முந்திப் பிறந்தவள் பெரியவள். முகத்தில் இருவருக்கும் வித்தியாசமே கிடையாது.

"இரட்டைக் குழந்தைகளில் எது கெட்டிக்காரக் குழந்தைன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று வானொலியில் பேட்டி எடுத்தவள் கேட்டாள்.

கிழவர் சிரித்தார். "கண்டுபிடிக்கவே இல்லை. அதுதான் ஆய்வோட அழகு. ஒவ்வொரு ஜோடிக்கும் காசைச் சுண்டிப் போட்டோம். தலை விழுந்தா மூத்த குழந்தை, பூ விழுந்தா இளைய குழந்தை. யார் பேர் வந்துச்சோ, அந்தக் குழந்தை சீக்கிரம் பிரமாதமா வரும்னு ஆசிரியர்கள்கிட்ட சொன்னோம். ஆசிரியர்கள் நம்பினாங்க. நம்பினதாலயே அந்தக் குழந்தைகள் முன்னுக்கு வந்தாங்க. எதிர்பார்ப்புதான் மனுஷனை உருவாக்குது. உலகம் பூரா இதைப் பாடமா வெச்சிருக்காங்க."

சின்னவளின் கையில் இருந்த தூரிகை அப்படியே நின்றுவிட்டது. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். எட்டு வயதில், பள்ளிக்கூட நூலக அறையில், கட்டங்களும் முக்கோணங்களும் வரைந்த அட்டைகளை அவள் முன் வைத்து, "அவசரமே இல்லம்மா, யோசிச்சுச் சொல்லு" என்ற குரல் அது.

"என்னங்க, தலை எரியுதே" என்று வாடிக்கையாளர் சொன்ன பிறகுதான் சுயநினைவு வந்தது. பழுப்பு நிறம் கேட்ட அம்மாளுக்குத் தலைமுடி கரிக்கட்டை போலக் கறுத்திருந்தது. சின்னவள் மன்னிப்புக் கேட்டு, காசு வேண்டாமென்று அனுப்பிவைத்து, கதவில் 'மூடியிருக்கிறது' பலகையைத் திருப்பித் தொங்கவிட்டாள். பிறகு வாடிக்கையாளர் நாற்காலியில் தானே உட்கார்ந்து, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

காசு. ஒரு காசைச் சுண்டிப் போட்டிருக்கிறார்கள்.

அந்த அட்டைகளைக் காட்டிவிட்டு, இப்போது வானொலியில் பேசிய அந்தப் பேராசிரியர் போன மறுவாரம், வகுப்பு ஆசிரியை அம்மாவைத் தெருவில் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி ஒரு சேதி சொன்னாள். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பெரியவர், இரண்டு பேரில் பெரியவள்தான் பிரமாதமாக வருவாள் என்று சொல்லியிருக்கிறார். அம்மா படிக்காதவள். துணி தைத்து இரண்டு பெண்களை வளர்த்துக்கொண்டிருந்தவள். அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவுக்கு அந்தச் சேதி மேலிருந்து வந்த உத்தரவு மாதிரி.

அன்றிலிருந்து வீடு இரண்டாகப் பிரிந்தது. சன்னலோர மேசை பெரியவளுக்கு. சின்னவளுக்குத் தையல் இயந்திரத்துக்குக் கீழே தரை. பெரியவள் படிக்கும்போது வீட்டில் பாத்திரம்கூடச் சத்தம் போடக் கூடாது. அந்தப் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் தேய்க்க வேண்டியவள் சின்னவள். ஒரு பரீட்சையில் சின்னவள் அக்காவைவிட அதிக மதிப்பெண் வாங்கி வந்தாள். அம்மா அந்தத் தாளை ஆசிரியையிடமே எடுத்துக்கொண்டு போய், "இது எப்படி?" என்று கேட்டாள். ஆசிரியை சின்னவளைத் தனியே கூப்பிட்டு, "யாரைப் பார்த்து எழுதின?" என்றாள். அதற்கப்புறம் சின்னவள் அக்காவைத் தாண்டி வாங்கியதே இல்லை. வாங்கி என்ன ஆகப்போகிறது?

பதினைந்து வயதில், மேல்வகுப்பில் அறிவியல் எடுக்கப்போகிறேன் என்று அடம்பிடித்தபோது, பள்ளி உளவள ஆலோசகரிடம் அனுப்பினார்கள். வாசனைத் தைலம் பூசிய, கனிவான மனிதர். மேசையில் இருந்த கோப்பைப் புரட்டிவிட்டு, "ஒவ்வொருத்தருக்கும் ஒரு அளவு இருக்கும்மா. தன் அளவு தெரிஞ்சவங்கதான் நிம்மதியா இருப்பாங்க" என்றார். அவர் திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அவ்வளவு அன்பாகச் சொன்னதால் நம்பிவிட்டாள். அடுத்த மாதம் ஒரு முடிதிருத்தும் கடையில் வெட்டிய முடியைக் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தாள்.

அந்த வேலையில் அவள் கெட்டிக்காரியாகத்தான் வந்தாள். சொந்தக் கடை, கூட வேலை செய்ய இரண்டு பெண்கள், சரக்கு வண்டி ஓட்டும் நல்ல கணவன். குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் உள்ளே ஒன்று எப்போதும் கறுவிக்கொண்டே இருந்தது. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் தலைமை அதிகாரியாக இருக்கும் அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். தனக்கு மூளை கொஞ்சம் மட்டு, அதற்கு யாரைக் குறை சொல்வது என்று அந்த எரிச்சலுக்குத் தானே தண்ணீர் ஊற்றிக்கொள்வாள்.

இப்போது குறை சொல்ல ஒரு ஆள் கிடைத்துவிட்டது.

அன்று சாயங்காலமே அக்காவின் வீட்டுக்குப் போனாள். நல்லது கெட்டதுக்குத் தவிர இருவரும் ஒருவர் வீட்டுப் படியை ஒருவர் மிதிப்பதில்லை. பெரியவள் கதவைத் திறந்ததும் முதலில் பயந்துபோனாள்.

"அம்மாவுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?"

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. உக்காரு, சொல்றேன்."

சொல்லி முடித்தாள். பெரியவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலாகி, கண்ணில் நீர் வழிந்தது.

"அப்ப நான் அறிவாளியும் இல்ல, ஒண்ணும் இல்லையா?"

"நீ சிரிக்கிறியா அழறியா?"

"தெரியல டி. ஒவ்வொரு பரீட்சைக்கும் முன்னாடி குளியலறைல போய் வாந்தி எடுப்பேன், உனக்குத் தெரியுமா? குழாயைத் திறந்துவிட்டுட்டு எடுப்பேன், அம்மாவுக்குக் கேக்கக் கூடாதுன்னு. பிரமாதமா வரப்போற பொண்ணு தோத்துட்டா என்ன பண்ணுவாங்கன்னு பயம். இன்னிக்கும் கூட்டத்துல பேச எழுந்தா கை நடுங்குது. நீ தரைல படுத்துத் தூங்கிட்டு இருப்ப. உன்னைப் பார்த்துப் பொறாமையா இருக்கும்."

"என்னைப் பார்த்தா?"

"உன்கிட்ட யாரும் எதுவும் எதிர்பார்க்கலையே."

சின்னவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் முதல் தடவையாக அக்காவைச் சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போனது.

பெரியவள் எழுந்து தேநீர் போட்டுக்கொண்டு வந்தாள். கோப்பையை நீட்டும்போது முகத்தைப் பார்க்கவில்லை. "உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். அந்த ஆள் போன மாசம் எனக்கு போன் பண்ணினாரு. அவரோட ஆய்வுக்கு விழா எடுக்கறாங்களாம். அவர் பேர்ல ஒரு விருதும் வரப்போகுதாம். மேடைல நாம ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காரணுமாம். ஒரே முகம், ரெண்டு வாழ்க்கை, பார்த்தா சனங்களுக்குச் சட்டுனு புரியும்னாரு. காசு சுண்டின கதையை எங்கிட்ட சொல்லல. நம்மளைப் பத்தி ஆராய்ச்சி பண்ணாங்கன்னு மட்டும் சொன்னாரு. உன்னை அப்படிக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைக்க மனசு வரல. யோசிச்சுச் சொல்றேன்னு விட்டுட்டேன்."

சின்னவள் தேநீரைக் கீழே வைத்தாள். "வரோம்னு சொல்லு."

"என்னது?"

"ரெண்டு பேரும் வரோம்னு சொல்லு. நீ நானா வா. நான் நீயா வரேன்."

விழாவுக்கு முந்தைய வாரம், கடை அடைத்த பிறகு தினமும் அக்கா வந்தாள். சின்னவள் அவள் நரையை மறைத்து, தன் முடி போலவே வெட்டிவிட்டாள். தன் முடிக்கு அக்காவின் நரையைப் பூசிக்கொண்டாள். சாயக் கறை படிந்த விரல்நுனி வேண்டுமே என்று பெரியவள் தன் விரல்களை அவளாகவே சாயக் கிண்ணத்தில் முக்கினாள். மூக்குக்கண்ணாடி இடம் மாறியது. தண்ணீரில் என்னென்ன பார்ப்பார்கள், எதற்கு எந்தச் சோதனை என்று அக்கா சொல்லச் சொல்ல, சின்னவள் மனப்பாடம் செய்தாள். பாதி புரிந்தது. புரிந்த பாதி அவளுக்குப் பிடித்திருந்தது. அதுவும் சேர்ந்து வெறியை ஏற்றியது. கணவன் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, "வீட்டுக்கு யாரைக் கூட்டிட்டுப் போறதுன்னு மட்டும் சரியாச் சொல்லிடுங்க" என்றான். சகோதரிகள் இருவரும் சேர்ந்து சிரித்தது எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அன்றுதான்.

விழா மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் துணைவேந்தர், பின்னால் கல்வித் துறைக்காரர்கள், உளவியல் மாணவர்கள், ஆலோசகர் பயிற்சிக்கு வந்தவர்கள். பேராசிரியர் மெலிந்து, முதுகு வளைந்து, ஆனால் கண் பளபளவென்று இருந்தார். இருவரையும் கைகூப்பி வரவேற்று உட்காரவைத்தார். சின்னவளிடம், அவளைப் பெரியவள் என்று எண்ணி, இரண்டு நிமிடம் பேசினார். மற்றவளிடம் "சௌக்கியமா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் பேசத் தொடங்கினார். நன்றாகவே பேசினார். காசு சுண்டிய கதைக்கு மண்டபம் ரசித்துச் சிரித்தது. பிறகு மேடையிலிருந்த இருவரையும் பார்க்கச் சொன்னார்.

"இவரைப் பாருங்கள்," என்று சின்னவளைக் காட்டினார். "நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். உங்கள் கண்ணைப் பார்க்கிறார். தான் வெல்லப் பிறந்தவள் என்று சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவரின் உடல் இப்படித்தான் இருக்கும்." அவளிடம் குடிநீரைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டார். அவள் தடுமாறாமல் பதில் சொன்னாள். கைதட்டினார்கள்.

"இப்போது இவரை." பெரியவள் தலை கவிழ்ந்து, சாயக் கறை விரல்களை மடியில் கோத்துக்கொண்டிருந்தாள். வேலையைப் பற்றிக் கேட்டதற்கு, "முடி வெட்டறேன்" என்று முனகினாள். கை நடுங்கியது. அது நடிப்பில்லை. "தயக்கத்தைக் கவனியுங்கள். கேள்வி வந்ததும் சுருங்குகிறார். இவர் திறமை இல்லாதவர் அல்ல. இவரிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. அந்த வடு இது."

சின்னவள் எழுந்தாள். ஒலிவாங்கியை அவர் கையிலிருந்து மரியாதையாகத்தான் வாங்கினாள்.

"சார், முடி வெட்டறவ நான். குடிநீர் அதிகாரி அவங்க. நீங்க வடுன்னு காட்டினது எங்க அக்காவை."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பெரியவள் எழுந்து, தங்கையின் முகத்திலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துத் தன் மூக்கில் மாட்டிக்கொண்டாள். பின்வரிசையில் ஒரு மாணவி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாக முன்னேறி வந்தது. பேராசிரியர் முகத்தில் ஈயாடவில்லை.

சின்னவள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். இந்த மூக்குடைப்பு மட்டும் அவளுக்குப் போதாது.

"ஒரு கேள்விதான் சார். அட்டை காட்டினீங்க, காசு சுண்டினீங்க, ஊரெல்லாம் பொய் சொன்னீங்க. சரி, ஆராய்ச்சி. எத்தனை நாளைக்கு நடந்துச்சு?"

"அந்தக் கல்வியாண்டு முழுக்க."

"வருஷக் கடைசில முடிஞ்சிடுச்சில்ல? அப்ப ஒருத்தராவது வந்து, 'நாங்க சொன்னது சும்மா, ரெண்டு பிள்ளைகளும் ஒண்ணுதான்'னு ஏன் எங்க வீட்ல சொல்லல?"

அவர் வேறு எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். கேள்வி கேட்டால் சரியான விடையைச் சொல்வது அவருக்கு வாழ்நாள் பழக்கம்.

"சொல்லியிருந்தால் தொடர் ஆய்வு கெட்டுப்போயிருக்கும். பின்னாளில் நீங்கள் என்ன ஆகிறீர்கள் என்று பார்க்க வேண்டியிருந்தது."

ஒலிவாங்கி சின்னவள் கையில், அவர் வாய்க்கு நேராக இருந்தது. கடைசி வரிசைக்கும் கேட்டது.

"பார்த்துட்டீங்களா?" என்றாள் அவள்.

முன்பு சிரித்த அந்த மாணவிதான் முதலில் எழுந்து வெளியே போனாள். அவள் பின்னால் இன்னும் சிலர். துணைவேந்தர் தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவள் ஒலிவாங்கியைப் பேராசிரியர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டாள் என்று ஊர் பேசியது. அவர் பெயரில் வரவிருந்த விருது முதலில் தள்ளிவைக்கப்பட்டது, பிறகு சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. பூ விழுந்த, தலை விழுந்த மற்ற பிள்ளைகள், இப்போது நடுவயதைத் தாண்டியவர்கள், ஒவ்வொருவராகப் பல்கலைக்கழகத்துக்கு வந்து கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு செய்தி வரும்போதும் சின்னவள் அக்காவுக்குத் தொலைபேசியில் சொல்வாள். இருவரும் நல்ல பாட்டைக் கேட்பது போலத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வார்கள்.

ஒரு மத்தியான வேளையில் பேராசிரியரே கடைக்கு வந்தார். கதவோரமாக நின்றார். சின்னவள் உட்காரச் சொல்லவில்லை.

"மன்னிப்புக் கேட்க வந்தேன்மா."

"ம்."

"அன்னிக்கு நீங்க செஞ்சது... யோசிச்சுப் பார்த்தா, அதுவும் என் முடிவைத்தான் உறுதிப்படுத்துது. ரெண்டு பேரும் சமம்னுதானே நான் சொல்றேன். நீங்க சம்மதிச்சா, அதை ஒரு கட்டுரையா..."

கத்தரிக்கோலைக் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள். உதைத்தாலும் இவர் அதை ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்வார் என்று அவளுக்குப் புரிந்தது. இவரால் எழுத முடியாத இடம் ஒன்றுதான் உண்டு. அங்கே அழைத்துப்போக வேண்டும்.

"மன்னிப்பை எங்கிட்ட கேக்காதீங்க சார். எங்க அம்மா உயிரோடதான் இருக்காங்க. அவங்ககிட்ட வந்து சொல்லுங்க."

"அவங்களுக்கு இன்னும் தெரியாதா?"

"தெரியாது. வீட்டை விட்டு வெளிய வர்றதே இல்ல. உங்க வாயால தெரியட்டும்."

அம்மாவுக்கு அவள் இத்தனை நாளும் சொல்லாததற்குக் காரணம் இரக்கம் என்று பெரியவள் நினைத்திருந்தாள். இரக்கமில்லை. எப்படிச் சொன்னால் அதிகம் வலிக்கும் என்று சின்னவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா சன்னலோரம் உட்கார்ந்து பழைய துணியில் தையல் பிரித்துக்கொண்டிருந்தாள். வந்தவர் யாரென்று தெரிந்ததும் தடுமாறி எழுந்து, சேலைத் தலைப்பால் நாற்காலியைத் துடைத்தாள். "உங்களாலதான் என் பெரிய பொண்ணு இன்னிக்கு அதிகாரியா இருக்கா. ஒரு நாள் நேர்ல பார்த்து நன்றி சொல்லணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்" என்றாள்.

பேராசிரியர் உட்காரவில்லை. சின்னவளைத் திரும்பிப் பார்த்தார். சின்னவள் கதவில் சாய்ந்து கைகளைக் கட்டிக்கொண்டாள்.

அவர் சொன்னார். கட்டுரையில் எழுதுகிற சொற்களில் ஆரம்பித்தார். அம்மாவுக்கு விளங்கவில்லை. கடைசியில் எளிய சொற்களுக்கு இறங்கி வர வேண்டியிருந்தது. காசு போட்டோம். தலை விழுந்தது. உங்களிடம் சொன்னது உண்மையில்லை. பெற்றோரிடம் சொல்லும்படி நாங்கள் ஆசிரியையிடம் சொல்லவுமில்லை.

அம்மா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"அப்ப பூ விழுந்திருந்தா, இவளைப் படிக்க வெச்சிருப்பேனா?"

"ஆமாம்மா."

"பெரியவளைத் தரைல உக்கார வெச்சிருப்பேனா?"

அம்மாவின் முகம் மெல்ல மெல்ல உதிர்ந்தது. உதடு மடிந்து, கன்னம் குழிந்து, ஐந்து நிமிடத்தில் பத்து வயது கூடியது. இந்த முகத்தைப் பார்க்கத்தான் சின்னவள் காத்திருந்தாள். பார்த்தாள். நன்றாக இருந்தது. யார் கேட்டாலும் அதை மறைக்க மாட்டாள். நெஞ்சில் ஏதோ இறங்கியது போல நன்றாகத்தான் இருந்தது.

"வெளிய போங்க" என்றாள் அம்மா. அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். அம்மா மகளைப் பார்த்தாள். "நீ சொல்லியிருக்கலாம். இவரை ஏன் கூட்டிட்டு வந்தே?"

"நான் சொன்னா நீ நம்பியிருப்பியாம்மா? ஒரு தடவை நல்ல மார்க் வாங்கிட்டு வந்தேன். அதையே நம்பலையே."

அம்மா துணியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "நீயும் போ" என்றாள்.

"போறேன். நாளைக்கு வருவேன்."

"வந்து?"

"தெரியல. சண்டை போட்டாலும் போடுவேன். இவ்வளவு நாளா போடாம விட்டது நிறைய இருக்கு."

தெருவில் பேராசிரியர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி கிடைக்கவில்லை போலும். அவளைக் கண்டதும், "இப்ப உங்களுக்கு மனசு ஆறிச்சாம்மா?" என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர் போலக் கேட்டார்.

"இல்ல சார். நீங்க ரொம்ப நாள் நல்லா இருக்கணும். இன்னிக்கு எங்க அம்மா மூஞ்சியைப் பார்த்தீங்கல்ல, அதை தினம் நினைச்சுக்கிட்டு இருக்கணும். அதை எந்தக் கட்டுரைலயும் எழுதக் கூடாது. எழுதினா மறுபடியும் மேடைக்கு வருவேன்."

அவள் அவருக்கு வண்டி பிடித்துத் தரவில்லை. நேரே அக்காவின் வீட்டுக்கு நடந்தாள். பெரியவள் வேலையிலிருந்து அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சின்னவள் உள்ளே வந்து, கால் நீட்டி உட்கார்ந்து, நடந்தது அத்தனையையும் சொன்னாள். அம்மா நாற்காலியைத் துடைத்த இடத்தில் பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். 'வெளிய போங்க' என்ற இடத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

பிறகு எழுந்து வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, தங்கையின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னாள்:

"முதல்லேருந்து இன்னொரு தடவை சொல்லு. அந்த ஆள் கடைக்குள்ள வந்தாருல்ல, அங்கேருந்து."